சுத்தியல்காரியின் மூன்றாம் ஓலை

தொம் என்று உள் அறையில் இடி விழுந்தது. அடுத்து ஒரு பெண்ணின் அலறல். உடனே மறுபடியும் தொம், தொம்.

சமையலறையில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்த இன்பமேரியின் கை நின்றது. ஆறு வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம்தான். மகள் ஜெனிட்டா டிவி முன்னால் உட்கார்ந்து சண்டை விளையாட்டு ஆடுகிறாள். ஆனால் இன்று தாளம் சரியில்லை. வழக்கமாக நெடுநேரம் ஒன்றுமே கேட்காது. பிறகு ஒரு தொம், வெகுநேரம் கழித்து இன்னொன்று, மூன்றாவதோடு ஆட்டம் முடிந்துவிடும். இன்றோ தீபாவளிக்குச் சரவெடி கொளுத்தியதுபோல் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது.

"ஏண்டி, அந்தத் தம்பி நாலு மணிக்கு வந்துரும். எந்திரிச்சு முகத்தக் கழுவு. உன் செம்பட்டைச்சி அப்புறமா யாரை வேணா அடிக்கட்டும்."

"அவ அடிக்கலம்மா. அடி வாங்கிட்டிருக்கா."

"கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கு. பேசற பேச்சைப் பாரு" என்று இன்பமேரி கடலைமாவைக் கரைக்க ஆரம்பித்தாள். மகள் நேற்றே ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருந்தாள் என்பது அந்தத் தாய்க்குத் தெரியாது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளி மொத்தக்கடைகள் நெருக்கியடிக்கும் சந்து ஒன்றில், மாடியில் இரண்டு அறை வீடு. ஜெனிட்டாவுக்கு முப்பத்தொரு வயது. அப்பா அவள் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார். கீழ்ச்சந்தில் ஒரு ஜவுளிக்கடையில் பார்சல் பிரிவு முழுவதும் அவள் பொறுப்பு. எந்த மூட்டை எந்த ஊருக்கு, எந்த லாரி ஷெட்டுக்கு என்று அவள் மார்க்கரால் எழுதினால் மறுபேச்சு கிடையாது. அவள் வாய்க்கும் அந்தச் சந்தில் மறுபேச்சு கிடையாது. "ஜெனிக்கா பக்கத்துல போனா ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் போங்கடா" என்று மூட்டை தூக்கும் மருதாசலம் புதிதாக வருபவர்களிடம் சொல்லி வைப்பான்.

அவள் கெட்டவள் இல்லை. அடி விழும் என்று தோன்றிய மறுகணமே தான் அடித்துவிடுவாள், அவ்வளவுதான். முன்பு வேலை பார்த்த கடையில் ஒருநாள் முதலாளி அவளைத் தனியாக அழைத்தார். வேலையைவிட்டு நிறுத்தப் போகிறார் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள், "நீங்க சொல்ல வேணாம் சார், நானே நின்னுக்கறேன்" என்று சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். புதிய கிடங்கை அவள் பொறுப்பில் விடுவதாகச் சொல்லத்தான் அவர் கூப்பிட்டிருந்தார். பத்து நாள் கழித்து அதைக் கேள்விப்பட்டபோது ஜெனிட்டா சிரித்தாள். இரவு தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு அழுதாள்.

பிறவியிலேயே அவள் இப்படி இல்லை. ஆறு வருடத்துக்கு முன்பு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவளை இப்படி ஆக்கியது.

அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணம் நிச்சயமானால் மாப்பிள்ளை, பெண் இருவருடைய கோயில்களிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள் என்று பூசை முடிவில் அறிவிப்பார்கள். இருபத்தைந்து வயது ஜெனிட்டாவுக்கு முதல் ஓலை வாசித்தார்கள், இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். அதன்பின் மாப்பிள்ளை வீட்டிலிருந்து, "ஒரு விஷயம் பேசணும், நேர்ல வர்றோம்" என்று போன் வந்தது. யாரும் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு புதுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள் ஜெனிட்டா. பங்குத்தந்தை நாலு ஜோடிகளின் பெயரைப் படித்தார். அவள் பெயர் வரவில்லை. கோயிலில் இருந்த அத்தனை கண்களும் அவள் முதுகில் வந்து இறங்கின. பூசை முடியுமுன் எழுந்து ஓடிவந்தவள், அன்று முதல் விடிகாலைப் பூசைக்குத் தூண் மறைவில்தான் உட்காருவாள். காரணம் என்ன என்று அந்த வீட்டார் கடைசிவரை சொல்லவே இல்லை.

அந்த வருடம்தான் அவள் டிவியில் மாட்டி ஆடும் பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கிவந்தாள். அதிலிருந்த சண்டை விளையாட்டில் இருபத்தெட்டுப் பேர். ஒவ்வொருவர் படத்துக்குக் கீழேயும் பலம், காவல் என்று இரண்டு கோடுகள் இருக்கும். இக்னா என்ற செம்பட்டை முடிக்காரிக்குப் பலக் கோடு விளிம்புவரை நிரம்பியிருந்தது. காவல் கோட்டில் ஒரு பொட்டுதான் இருந்தது. இரண்டு கைக்கும் சேர்த்து ஒரு பெரிய சுத்தியல். அது மூன்று முறை சரியாக விழுந்தால் எதிரே மலையே நின்றாலும் சாயும். ஆனால் அவள்மீது நான்கு அடி விழுந்தால் செத்துப்போவாள். கையை உயர்த்தித் தடுக்கலாம் என்றால், இரண்டாவது அடியிலேயே காவல் உடைந்து கிறுகிறுத்து நிற்பாள். இது போதாதென்று, நேரம் முடிந்தால் யாருக்கு உயிர் அதிகம் மிச்சமோ அவர்களுக்கே வெற்றி. இக்னாவின் உயிர்க்கோடே எல்லோரையும்விடக் குட்டை. சும்மா நின்றாலும் தோல்விதான்.

யாரும் எடுக்காத அந்தப் பெண்ணைத்தான் ஜெனிட்டா எடுத்தாள். பார்த்தவுடனே எடுத்துவிட்டாள்.

புதிதாக ஆடுகிறவர்கள் இக்னாவை எடுத்தவுடன் சுத்தியலைச் சுழற்றிக்கொண்டு ஓடுவார்கள், ஓடிய வேகத்தில் சாவார்கள். ஜெனிட்டாவும் ஒரு வருடம் அப்படித்தான் செத்தாள். பிறகு கற்றுக்கொண்டாள். எதிரியின் கை எட்டாத தூரத்தில், மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். ஒரு அடி முன்னே போய் இரண்டடி பின்னே வர வேண்டும். அவன் ஆசைப்பட்டுக் கை நீட்டுவான். அந்தக் கை காற்றில் போகும். அது திரும்பி அவனிடம் போய்ச் சேருமுன் சுத்தியலை இறக்க வேண்டும். இணையத்தில் அவளோடு ஆடியவர்கள் பலர், அந்தச் சுத்தியல்காரி பெயரைப் பார்த்ததும் கழன்றுகொள்வார்கள்.

ஜூட் கழன்றுகொள்ளவில்லை.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. முன்பு வெல்டராக இருந்தவன், நான்கு வருடமாகப் பெயிண்ட் அடிக்கிறான். பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் கோயில் அன்பியக் கூட்டத்தில் ஒருவர் சொல்லித்தான் பெண் பார்க்க வந்தார்கள். காப்பியைக் குடித்துவிட்டு டிவிக்குக் கீழே இருந்த பெட்டியைப் பார்த்தவன், "ஏனுங்க, நீங்க யாரை எடுத்து ஆடுவீங்க?" என்று கேட்டான். "இக்னா." "அய்யய்யோ, அந்தக் கண்ணாடிப் பொம்மையவா? தும்மினாலே ஒடைஞ்சு போயிருமுங்களே!" "ஒடைச்சுப் பாருங்களேன்" என்றாள் ஜெனிட்டா. அன்று அவனை ஐந்து முறை சாய்த்தாள். ஆறாவது முறை தோற்றபோது அவன் வாய்விட்டுச் சிரித்தான். தோற்றுவிட்டுச் சிரிக்கும் ஆண்பிள்ளையை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அவன் நாமக்கல்லிலும் இவள் சேலத்திலும் உட்கார்ந்து ஆடினார்கள். அவன் எடுப்பது டோர்க், கேடயம் தூக்கிய தடியன். அடிக்கு அஞ்சாதவன். நிச்சயம் நடந்தது. முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள்.

வியாழக்கிழமை ஜூட்டின் அக்கா ஃபாத்திமா பரமத்தி வேலூரிலிருந்து போன் செய்தாள். "ஜெனி, சனிக்கெழமை தம்பி அங்க வருவானுங்க சாமி. ஒரு விசயம் பேசோணும். மூணாவது ஓலைக்கு முந்தியே, நேர்ல சொல்லிப்புடோணும்."

அதே வார்த்தைகள்! ஜெனிட்டாவின் காதுக்குள் ஆறு வருடம் திரும்பி ஓடியது. அன்று மாலை ஏழு மணிக்கு ஜூட் ஆட வரவும் இல்லை. இரவெல்லாம் அவள் கண் மூடவில்லை. வெள்ளிக்கிழமை காலை கடைக்குப் போகிற வழியில் நேராகப் பங்குத்தந்தையிடம் போனாள். "ஃபாதர், நாளான்னைக்கு எங்க ஓலையை வாசிக்க வேணாம். எனக்கு இதுல சம்மதம் இல்ல" என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். ஏனம்மா என்று அவர் கேட்டபோது தாளை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பினாள். படி இறங்கும்போது அவளுக்கு வெற்றி பெற்றதுபோல்தான் இருந்தது. தெருமுனை வருவதற்குள் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டாள்.

சனிக்கிழமை நாலு மணி தாண்டி ஜூட் வந்தான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"வாங்க தம்பி. இதென்ன, முழுக்க நனைஞ்சிருக்கீங்க?"

"பைக்ல புதுச்சத்திரம் தாண்டுனதும் மழை புடிச்சுக்கிச்சுங்கத்தை. இங்க வந்து பார்த்தா ரோடு காஞ்சு கெடக்குது."

இன்பமேரி துண்டைக் கொடுத்துவிட்டு பஜ்ஜி போட ஓடினாள். உள் அறையில் ஜெனிட்டா எழுந்து நின்றாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, டிவியைப் பார்த்தான்.

"பேசறதுக்கு முந்தி ஒரு ஆட்டம் போடலாமுங்களா?"

சரி என்று தலையசைத்தாள். சொல்லப்போவதை இவன் சொல்லட்டும், நான் ஏற்கனவே முடித்துவிட்டேன் என்று சொல்லும்போது இவன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறேன் என மனத்துக்குள் கருவிக்கொண்டாள்.

மணி அடித்தது. இக்னா பாய்ந்தாள். தொம், காற்று. தொம், மறுபடியும் காற்று. டோர்க் கேடயத்தோடு ஒதுங்கி ஒதுங்கிப் போனான். ஒருமுறை தட்டினான். அவளுடைய உயிர்க்கோட்டில் கால்பங்கு கரைந்தது.

"என்னங்க இன்னைக்கு, காத்தையே அடிக்கறீங்க? எப்பவும் மூணடி தள்ளி நிப்பீங்களே."

"நீங்க ஆடுங்க. எனக்குச் சொல்லித்தர வேணாம்."

"சொல்லித்தர வரலீங்க." திரையைப் பார்த்தபடியே சொன்னான். "நேத்து சாயங்காலம் எங்க ஃபாதர் கூப்பிட்டுச் சொன்னாருங்க, நீங்க எழுதிக் குடுத்துட்டீங்கன்னு. யாரு உங்ககிட்டச் சொன்னாங்கன்னு நான் கேக்க மாட்டேன். முன்னாடியே நான் சொல்லியிருக்கோணும். மறைச்சது என்ற தப்புங்க."

ஜெனிட்டாவின் விரல் பொத்தான்மேல் நின்றது.

"எதை மறைச்சீங்க?"

"அதானுங்க. கிட்னி."

"என்ன கிட்னி?"

அவன் முதல் தடவையாகத் திரும்பி அவளைப் பார்த்தான். இடது விலாவுக்குக் கீழே தன்னையறியாமல் கையை வைத்துக்கொண்டான். "ஒண்ணுதானுங்க இருக்குது. இன்னொண்ணு அக்காளுக்குக் குடுத்துட்டேன், நாலு வருசமாச்சு. கல்யாணம் முடியறவரைக்கும் வெளிய சொல்லாதே, பொண்ணு கெடைக்காதுன்னு சொந்தக்காரங்க வாயக் கட்டிப்புட்டாங்க. அக்காளுக்குத்தான் பொறுக்கலீங்க. மூணாவது ஓலைக்கு முந்தி அந்தப் புள்ளைகிட்டச் சொல்லலைன்னா நானே போய்ச் சொல்லுவேன்னு ஒரே அழுகை."

திரையில் இக்னா சுத்தியலைத் தரையில் ஊன்றியபடி அசையாமல் நின்றாள். டோர்க் இன்னும் மூன்று தட்டுத் தட்டினால் போதும். அவன் தட்டவில்லை. விநாடிகள் ஓடி, பூஜ்யம் வந்து, டோர்க் வென்றதாக எழுத்து மின்னியது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

"எனக்கு யாரும் எதுவும் சொல்லல" என்றாள் ஜெனிட்டா. "அக்கா போன் பண்ணி, ஓலைக்கு முந்தி நேர்ல பேசணும்னாங்க. நீங்க என்னை வேணாம்னு சொல்லத்தான் வர்றீங்கன்னு நெனைச்சேன். அதுக்கு முன்னாடி நானே..."

அவளால் முடிக்க முடியவில்லை. பஜ்ஜித் தட்டோடு வாசலில் நின்ற இன்பமேரி முடித்தாள்.

"நீயே போயி ஓலைய நிறுத்திட்டியா? பாவி! பத்து மாசம் சுமந்தவகிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடி?" தட்டை டிவி மேஜைமேல் வைத்தாள். பஜ்ஜி ஒன்று உருண்டு கீழே விழுந்தது. "நீங்களும்தான் தம்பி! ஒரு உசுரக் காப்பாத்துனதைப் போயி யாராவது மறைப்பாங்களா? வேற எவனாச்சும்னா ஊரெல்லாம் பேனர் கட்டியிருப்பான்!"

"அத்தை, கொஞ்சம் இருங்க" என்றான் ஜூட். அவன் சிரிக்கவில்லை. தோற்றாலும் சிரிக்கிறவன், இன்று வென்ற ஆட்டத்தின் முன்னால் முகம் இறுகி உட்கார்ந்திருந்தான். "ஏனுங்க ஜெனி, ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமில்லீங்க? எங்கிட்டச் சொல்றதுக்கு முந்தி ஃபாதர்கிட்டச் சொன்னீங்க. அக்கா நேத்திலிருந்து மாத்திரை போடலீங்க. அந்தக் கிட்னிய ஒரு நாள்கூட மாத்திரையில்லாம வெச்சுக்கக் கூடாது, தெரியுமுங்களா? 'என்னாலதான் உனக்குப் பொண்ணு போச்சு, இது எதுக்கு எனக்கு'ன்னு டப்பாவைத் தூக்கி வீசிருச்சுங்க."

அது நேராக நெஞ்சில் விழுந்தது.

பதில் அவள் நாக்கின் நுனியில் இருந்தது. நீங்கள் மறைக்காமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்ற பதில். நியாயமான பதில்தான், கனமான பதில். அதை இறக்கினால் அவன் எழுந்து போய்விடுவான், இந்த வலியும் இந்த நிமிடமே முடிந்துவிடும். முப்பத்தொரு வயது வாழ்க்கையில் அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. ஜெனிட்டா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றாள். பிறகு போனை எடுத்தாள்.

பங்குத்தந்தைக்குத்தான் போடுகிறாள் என்று இன்பமேரி நினைத்தாள். இல்லை.

"அக்கா, நான் ஜெனி பேசறேன். மாத்திரை போடுங்கக்கா. இப்பவே. தண்ணி எடுத்துக்கிட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்... எனக்கு நேத்து எதுவுமே தெரியாதுக்கா. இப்பத்தான் சொன்னாரு. உங்களால ஒண்ணும் போகல. புத்தி கெட்டு நான் பண்ணின வேலை. முழுங்கிட்டீங்களா? டாக்டருக்கும் ஒரு போன் போட்டு, ஒரு நாள் விட்டுப்போச்சுன்னு சொல்லிருங்க. என்னை எவ்வளவு வேணா திட்டுங்க, அதை மட்டும் செஞ்சிட்டுத் திட்டுங்க." மறுமுனையில் ஃபாத்திமா விம்முவது அறைவரை கேட்டது. ஜூட் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்தபடியாகத்தான் பங்குத்தந்தையைக் கூப்பிட்டாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நாளைக்கு முடியாதும்மா. அவங்க பங்குக் கோயில்லயும் ஓலையை எடுத்தாச்சு. ரெண்டு பேரும் யோசிங்க. யோசிச்சு, சேர்ந்து கையெழுத்துப் போட்டு ரெண்டு கோயிலுக்கும் குடுத்தா, அடுத்த ஞாயிறு மூணாவது ஓலை வாசிக்கலாம். தேதிக்கு முன்னாடிதான் வருது. ஆனா அவசரப்பட்டு எழுதாதே. அவசரத்துல ஏற்கனவே ஒண்ணு எழுதிட்ட."

போனை வைத்ததும் இன்பமேரி வேகமாகக் கிட்டே வந்தாள். "அப்போ நாளைக்குக் கோயிலுக்கு வேணாம். நாம காலையிலேயே பஸ் ஏறி ஏற்காடு போயிடலாம். கேட்டா ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கலாம். மறுபடியும் அந்தக் கண்ணையெல்லாம் என்னால பாக்க முடியாதுடி."

"நான் போறேம்மா. பெரிய பூசைக்கே போறேன்" என்றாள் ஜெனிட்டா. "நாந்தானே நிறுத்தினேன். எல்லாரும் பாப்பாங்க. பாக்கட்டும்."

ஜூட் ஆறிப்போன பஜ்ஜி ஒன்றை எடுத்தான், தின்னாமல் கையிலேயே வைத்திருந்தான். அவன் கோயிலிலும் நாளை ஓலை இல்லை. அவனும்தான் தன் ஊர்க்காரர்கள் நடுவில் தன் பெயர் இல்லாமல் உட்கார வேண்டும். அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உங்களுக்கும் நாளைக்குக் கஷ்டம்தான்" என்றாள் மெதுவாக. "கையெழுத்துப் போடறதும் போடாததும் உங்க இஷ்டம். நான் கோவிச்சுக்க மாட்டேன். முதல்லயே முந்திக்கவும் மாட்டேன்."

"நீங்க கேக்கலியே" என்றான் ஜூட்.

"எதை?"

"ஒத்தக் கிட்னிக்காரனைக் கட்டிக்க உங்களுக்குச் சம்மதமான்னு. பயமா இருக்குதுன்னா இப்பவே சொல்லுங்க. டாக்டருங்க எல்லா வேலையும் செய்யலாம்னுதான் சொன்னாங்க, வருசத்துக்கு ஒருக்காப் போய்க் காட்டோணும். பாரம் தூக்க எனக்கே மனசு வரலீங்க. அதான் பெயிண்டுக்கு மாறுனேன்."

"பயமாத்தான் இருக்கு" என்றாள் அவள். இப்படி ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து இன்பமேரியே அதுவரை கேட்டதில்லை. "ஆனா சம்மதம்."

அவன் பஜ்ஜியைக் கடித்தான். "அப்போ பேப்பர் குடுங்க. இந்தத் தடவை நான் எழுதறேன், உங்க கை வேகம் எனக்கு ஆகாதுங்க."

கடை பார்சல் சீட்டின் பின்புறத்தில், லாரிக்குப் பெயர் எழுதுகிற அழகான குண்டு எழுத்தில் இரண்டு பிரதி எழுதினான். முதலில் அவன் கையெழுத்து, அடுத்து அவள். அவளுடைய பெயரின் கடைசி எழுத்து கோணிக்கொண்டு போனது. ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு, மற்றொன்றை மடித்து நனையாமலிருக்கப் பாலிதீன் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்தான். இன்பமேரி பஜ்ஜியைக் காகிதத்தில் பொட்டலம் கட்டினாள். "அக்காளுக்கு வேணாமுங்கத்தை, அதுக்கு எண்ணெய் ஆகாது" என்றான். "உங்களுக்குத்தான் தம்பி, வழியில பசிக்கும்" என்று அவன் கையில் திணித்தாள்.

வாசலில் நின்று ஜூட் திரும்பினான்.

"நாளைக்குப் பூசை எத்தனை மணிக்குங்க?"

"எட்டு."

"எங்களுதும் எட்டுதான்." சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். "வாரேனுங்க ஜெனி. வாரேனுங்கத்தை."

"போய்ச் சேந்ததும் போன் போடுங்க" என்றாள் ஜெனிட்டா. படியில் அவன் செருப்புச் சத்தம் இறங்கி, சந்தின் ஆட்டோ இரைச்சலில் கரையும்வரை நின்று கேட்டாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.